ஆய்வு குறைந்த மொழிகள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளும் மொழியியல் ஆய்விதழ்களும்

ஆய்வு குறைந்த மொழிகள் என்பவை இலக்கணம், அகராதி, உரைத்தொகுப்பு ஆகியவை எழுதப்படாத அல்லது மிகச் சிறிய அளவிலேயே எழுதப்பட்டுள்ள மொழிகளாகும். உலகில் இன்று பேசப்படும் ஏறத்தாழ 7,000 மொழிகளில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது. இம்மொழிகளில் களப்பணி செய்தவர்கள் தம் முடிவுகளை மொழியியல் ஆய்விதழ்களில் வெளியிடும்போது, ஆங்கிலம், செருமன், தமிழ் போன்ற மொழிகளைப் பற்றி எழுதுவோருக்கு இல்லாத ஒரு சிக்கலைச் சந்திக்கின்றனர். கட்டுரையை மதிப்பிடுபவருக்கு அந்த மொழி தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது. ஆகவே எடுத்துக்காட்டு சரியா தவறா என்பதை அவர்களால் தம் மொழியறிவைக் கொண்டு சோதிக்க இயலாது. கட்டுரையே தனக்கான சான்றையும் சுமந்து செல்ல வேண்டும். இத்துறையில் கட்டுரை எழுதுவதற்கும் அனுப்புவதற்கும் உள்ள விதிமுறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தேவையிலிருந்து பிறந்தவை.

வரையறை

ஆய்வு குறைந்த மொழி, அழிவின் விளிம்பில் உள்ள மொழி, பேசுவோர் குறைந்த மொழி ஆகிய மூன்றும் ஒன்றல்ல. நீலகிரியில் தோடா மொழியைப் பேசுவோர் 2,000 பேருக்கும் குறைவு. எனினும் எம். பி. எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் செய்த களப்பணியின் பயனாக அம்மொழிக்கு விரிவான இலக்கணமும் உரைத்தொகுப்பும் உள்ளன. மாறாக, நடு இந்தியாவில் பரவியுள்ள கோண்டி மொழியை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 30 இலட்சம் பேர் பேசுகின்றனர். ஆனால் அதன் வட்டார வழக்குகள் பலவற்றுக்கு முழுமையான விளக்கம் இல்லை. பேசுவோர் எண்ணிக்கை மட்டுமே ஒரு மொழி எவ்வளவு ஆராயப்பட்டுள்ளது என்பதைக் காட்டாது.

கணக்கெடுப்பின் முறையும் சில மொழிகளை மறைத்துவிடுகிறது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1971 முதல் 10,000 பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகளைத் தனியே பெயர் குறித்து வெளியிடுவதில்லை. 2011 கணக்கெடுப்பின் பட்டியலில் 121 மொழிகளே உள்ளன. பட்டியலில் பெயர் இல்லாத மொழி பற்றி எழுதும் ஆய்வாளர், அப்படி ஒரு மொழி இருக்கிறது என்பதிலிருந்தே தம் கட்டுரையைத் தொடங்க வேண்டியுள்ளது.

பின்னணி

ஆய்வு குறைந்த மொழிகளுக்கென்றே தோன்றிய முன்னோடி இதழ்களுள் ஒன்று, பிரான்சு போவாசு 1917இல் தொடங்கிய 'இன்டர்நேசனல் சர்னல் ஆஃப் அமெரிக்கன் லிங்குவிசுடிக்சு'. அமெரிக்கப் பழங்குடி மொழிகளின் இலக்கணக் குறிப்புகளையும் கதைகளையும் அச்சேற்றுவது அதன் நோக்கம். இலக்கணம், உரைத்தொகுப்பு, அகராதி ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு மொழியின் முழுமையான பதிவு என்னும் மரபு போவாசு வழியில் நிலைபெற்றது.

1992இல் 'லாங்குவேச்' இதழில் கென் ஏல் முதலானோர் அழியும் மொழிகள் பற்றி ஒரு கட்டுரைத் தொகுதியை வெளியிட்டனர். உலக மொழிகளில் பெரும்பாலானவை ஒரு நூற்றாண்டுக்குள் மறையக்கூடும் என்ற எச்சரிக்கை அதில் இடம்பெற்றது. 1998இல் நிக்கோலாசு இம்மெல்மான், மொழியை ஆவணப்படுத்துவதும் மொழியை விளக்குவதும் வெவ்வேறு பணிகள் என்று வாதிட்டார். ஒலிப்பதிவும் அதன் எழுத்துப்படியும் தம்மளவிலேயே ஆய்வு விளைவுகள் என்ற கருத்து அதன்பின் வலுப்பெற்றது.

ஒரு சிறுமொழிக் கட்டுரையால் என்ன செய்ய முடியும்?

சிறிய மொழி பற்றிய கட்டுரை அம்மொழியோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இக்சுகரியானா மொழி நல்ல எடுத்துக்காட்டு. யோசப் கிரீன்பெர்க் 30 மொழிகளை ஒப்பிட்டு 1963இல் வெளியிட்ட ஆய்வில், எழுவாயும் செயப்படுபொருளும் பெயர்ச்சொற்களாக வரும் வாக்கியங்களில் எழுவாயே ஏறத்தாழ எப்போதும் முன்னே வரும் என்றார். பிரேசிலின் அமேசான் பகுதியில் சில நூறு பேர் பேசும் இக்சுகரியானாவில் இதற்கு நேர்மாறான வரிசை காணப்பட்டது: முதலில் செயப்படுபொருள், பிறகு வினை, கடைசியில் எழுவாய். தெசுமண்டு தெர்பிசயர் இதை 1977இல் 'லிங்குவிசுடிக் இன்குயரி' இதழில் வெளியிட்டார். அது கோட்பாட்டு மொழியியலின் முன்னணி இதழ்களுள் ஒன்று.

தமிழ் வாசகருக்கு இந்த வரிசை வியப்பாக இராது. 'மரத்தை வெட்டினான் தம்பி' என்று தமிழிலும் சொல்லலாம். ஆனால் தமிழில் இயல்பான வரிசை 'தம்பி மரத்தை வெட்டினான்' என்பதே. மற்றது அழுத்தத்துக்காகவோ நடைக்காகவோ வருவது. தெர்பிசயர் காட்ட வேண்டியிருந்ததும் இந்த வேறுபாட்டைத்தான். அப்படி ஒரு வாக்கியம் உண்டு என்று காட்டினால் போதாது. அம்மொழியில் அதுவே அடிப்படை வரிசை என்று நிறுவ வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு ஒரு வடிவம் இருப்பதைக் காட்டும். அவ்வடிவத்தின் நிலையைக் காட்டப் பல உரைகளிலிருந்து திரட்டிய தரவு வேண்டும்.

இதழைத் தேர்ந்தெடுத்தல்

கட்டுரையை அனுப்பத்தக்க இதழ்களைப் பொதுவாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது வகை, ஒரு நிலப்பகுதி அல்லது மொழிக்குடும்பம் சார்ந்தது. திருவனந்தபுரத்தில் உள்ள திராவிட மொழியியல் கழகம் 1972 முதல் வெளியிடும் 'இன்டர்நேசனல் சர்னல் ஆஃப் திராவிடியன் லிங்குவிசுடிக்சு', சேம்சு மாட்டிசாஃப் 1974இல் தொடங்கிய 'லிங்குவிசுடிக்சு ஆஃப் த திபெட்டோ-பர்மன் ஏரியா', பசிபிக் தீவு மொழிகளுக்காக 1962இல் தொடங்கிய 'ஓசியானிக் லிங்குவிசுடிக்சு' ஆகியவை இவ்வகையின. இவற்றின் வாசகர்களுக்கு அண்டை மொழிகள் தெரியும் என்பதால், ஓர் உருபின் பயன்பாட்டையோ ஓர் ஒலி மாற்றத்தையோ மட்டும் விளக்கும் சிறு கட்டுரைக்கும் இங்கு இடமுண்டு.

இரண்டாவது வகை, மொழி ஆவணமாக்கல் சார்ந்தது. அவாய் பல்கலைக்கழக அச்சகம் 2007 முதல் வெளியிடும் 'லாங்குவேச் டாக்குமெண்டேசன் அண்டு கன்சர்வேசன்' இவ்வகையில் முதன்மையானது. களப்பணி முறை, ஒலிப்பதிவு, அகராதித் தயாரிப்பு, மொழி மீட்பு முயற்சிகள் ஆகியவை இதன் பொருள்கள். இது யாவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்.

மூன்றாவது வகை, பொது மொழியியல் அல்லது கோட்பாடு சார்ந்தது. 1925இல் தொடங்கிய 'லாங்குவேச்', 1997இல் தொடங்கிய 'லிங்குவிசுடிக் டைப்பாலசி' போன்றவை இதில் அடங்கும். இம்மொழியில் இப்படி ஒரு கூறு உள்ளது என்ற தகவல் மட்டும் இவ்விதழ்களுக்குப் போதாது. அக்கூறு இதுவரை நிலவும் எந்தக் கருத்தை மாற்றுகிறது என்றும் கட்டுரை சொல்ல வேண்டும்.

ஒரே களப்பணியிலிருந்து மூன்று வகை இதழ்களுக்கும் கட்டுரைகள் எழுத முடியும். ஆனால் ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது நெறிமீறலாகக் கருதப்படுகிறது. ஓர் இதழ் முடிவு சொன்ன பின்னரே மற்றோர் இதழை நாட வேண்டும்.

சான்றை முன்வைத்தல்

எடுத்துக்காட்டு வாக்கியங்களை மூன்று வரிகளில் தருவது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. முதல் வரியில் உருபன்களாகப் பிரிக்கப்பட்ட மூல வாக்கியம், இரண்டாம் வரியில் ஒவ்வோர் உருபனுக்கும் நேரான விளக்கம், மூன்றாம் வரியில் மொழிபெயர்ப்பு. இதற்கான நெறிமுறை 'லைப்சிக் விளக்கக்குறி விதிகள்' எனப்படுகிறது. பெர்னார்டு காம்ரி, மார்ட்டின் ஆசுப்பெல்மாத், பல்தாசர் பிக்கெல் ஆகியோர் செருமனியின் லைப்சிக் நகரில் உருவாக்கிய இத்தொகுப்பில் 10 விதிகள் உள்ளன. இம்முறையைத் தமிழ் வாக்கியம் ஒன்றில் பின்வருமாறு காட்டலாம்:

சிறுவர்-கள் பறவை-கள்-ஐ பார்-த்த்-ஆர்கள்
சிறுவர்-பன்மை பறவை-பன்மை-செயப்படுபொருள் பார்-இறந்தகாலம்-படர்க்கை.பன்மை
'சிறுவர்கள் பறவைகளைப் பார்த்தார்கள்.'

முதல் வரியில் ஒரு சொல்லில் எத்தனை சிறுகோடுகள் உள்ளனவோ, இரண்டாம் வரியில் அதற்கு நேரான இடத்திலும் அத்தனை சிறுகோடுகள் இருக்க வேண்டும். 'ஆர்கள்' என்னும் ஒரே உருபு இடம், எண் ஆகிய இரண்டையும் காட்டுவதால் அவற்றுக்கிடையே புள்ளி இடப்பட்டுள்ளது. தமிழ் தெரியாத ஒருவர் இந்த மூன்று வரிகளைக் கொண்டே எந்த உருபு எந்தப் பொருளைத் தருகிறது என்பதைப் பின்தொடரலாம். ஆசிரியர் தவறாகப் பிரித்திருந்தாலும், மற்ற எடுத்துக்காட்டுகளோடு ஒப்பிட்டு அதைக் கண்டுபிடிக்க முடியும். சோதிக்கும் வாய்ப்பை வாசகருக்கு அளிப்பதே இம்முறையின் பயன்.

எடுத்துக்காட்டு எங்கிருந்து வந்தது என்பதும் குறிக்கப்பட வேண்டும். இயல்பான உரையாடலில் வந்ததா, கதை சொல்லும்போது வந்ததா, 'இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்' என்று கேட்டுப் பெற்றதா, ஆய்வாளர் தாமே ஆக்கிப் பேசுவோரிடம் சரிபார்த்ததா என்பதற்கேற்பச் சான்றின் மதிப்பு மாறும். மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுப் பெற்ற வாக்கியத்தில் கேட்டவரின் மொழி அமைப்பு படிந்திருக்கக்கூடும். 2017இல் வெளியான ஓர் ஆய்வு 100 இலக்கண நூல்களையும் ஆய்வேடுகளையும் பரிசோதித்தது. எடுத்துக்காட்டுகளின் மூலத்தையும் தரவு திரட்டிய முறையையும் தெளிவாகச் சொல்லும் வழக்கம் பலவற்றில் இல்லை என்பதை அது சுட்டிக்காட்டியது. அதன்பின் பல ஆய்வாளர்கள், ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் ஒலிப்பதிவுக் கோப்பின் பெயரையும் அது வரும் நிமிடம், நொடியையும் குறிக்கத் தொடங்கியுள்ளனர்.

பிரகா மொழி விவாதம்

தரவு பிறர் கைக்கு எட்டாதபோது என்ன நேர்கிறது என்பதைப் பிரேசிலின் பிரகா மொழி பற்றிய விவாதம் காட்டுகிறது. டேனியல் எவரெட்டு 2005இல் 'கரண்ட் ஆந்த்ரபாலசி' இதழில், இம்மொழியில் ஒரு வாக்கியத்துக்குள் மற்றொரு வாக்கியத்தை அடக்கும் அமைப்பு இல்லை என்றும், எண்ணுப்பெயர்களே இல்லை என்றும் எழுதினார். மனித மொழிகளின் பொதுப் பண்பு பற்றிய கோட்பாட்டையே இக்கூற்று தொட்டதால் பெரும் விவாதம் எழுந்தது.

2009இல் ஆண்ட்ரூ நெவின்சு, டேவிட் பெசட்சுகி, சிலீன் ரொட்ரிகசு ஆகிய மூவர் 'லாங்குவேச்' இதழில் மறுப்பு எழுதினர். எவரெட்டு முன்னர் வெளியிட்டிருந்த எடுத்துக்காட்டுகளையே அவர்கள் பெரிதும் சார்ந்திருந்தனர். அதே ஆண்டு அவரும் அவ்விதழில் விடையளித்தார். மொழியைப் பேசுவோர் சில நூறு பேர். அதைக் கற்ற வெளியார் மிகச் சிலர். ஆகவே ஒரே எடுத்துக்காட்டுக்கு இரு தரப்பும் வெவ்வேறு விளக்கம் சொன்னபோது வாசகரால் தாமே முடிவு செய்ய இயலவில்லை. 2016இல் பிரகா உரைகளைக் கொண்ட தரவுத்தொகுப்பு ஒன்று, அதன் பகுப்பாய்வோடு சேர்த்துப் 'பிளாசு ஒன்' இதழ் வழியாக வெளிவந்தது. ஐயத்துக்கு இடமற்ற அடக்க வாக்கியம் எதுவும் அத்தொகுப்பில் கிடைக்கவில்லை என்றும், அதைக் கொண்டு இறுதி முடிவு சொல்ல இயலாது என்றும் அவ்வாய்வு கூறியது. விவாதம் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. ஆனால் யாரை நம்புவது என்ற கேள்விக்குப் பதிலாக, தரவு என்ன சொல்கிறது என்ற கேள்வியை எவரும் எழுப்பக்கூடிய நிலை உருவானது.

ஆவணக்காப்பகங்கள்

கட்டுரையை அனுப்பும் முன்பே ஒலிப்பதிவுகளையும் எழுத்துப்படிகளையும் காப்பகத்தில் சேர்ப்பது நல்ல முறை. ஆத்திரேலியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2003இல் நிறுவிய பாரடிசெக்கு, இலண்டனில் தொடங்கி 2021இல் பெர்லினுக்கு இடம்பெயர்ந்த அழியும் மொழிகள் காப்பகம், தெற்காசிய மொழிகளுக்காக வட டெக்சாசுப் பல்கலைக்கழகம் நடத்தும் கோர்சால் ஆகியவை இவ்வகைக் காப்பகங்கள். இவை சேர்க்கப்படும் தரவுகளுக்கு நிலையான அடையாளக் குறியீடு வழங்குகின்றன. அதைக் கட்டுரையில் மேற்கோளாகத் தரலாம்.

ஒரே இடத்தில் வைக்கப்படும் பதிவு பாதுகாப்பானதன்று. 2018 செப்டம்பர் 2 அன்று இரியோ டி செனீரோ நகரில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் தீப்பற்றி எரிந்தபோது, அங்கிருந்த பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் கையெழுத்துப் படிகளும் அழிந்தன. அவற்றுள் இன்று பேசுவோர் எவரும் இல்லாத மொழிகளின் பதிவுகளும் இருந்தன. இத்தகைய மொழிகளுக்கு இரண்டாம் முறை களப்பணி செய்ய இயலாது.

இசைவும் உரிமையும்

மொழித்தரவு யாரோ ஒருவரின் பேச்சு. ஆகவே பேசியவரின் இசைவு பெறப்பட்டதா என்று இதழ்கள் கேட்கின்றன. பல்கலைக்கழகங்களின் ஆய்வு நெறிக்குழுக்களும் இதைக் களப்பணிக்கு முன்பே கோருகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத சமூகத்தில் தாளில் கையெழுத்து வாங்குவதைவிட, இசைவை வாய்மொழியாகப் பதிவு செய்வது பொருத்தமாக இருக்கலாம். வெளியார் கேட்கக்கூடாத சடங்குப் பாடல்கள், ஊர்ப்பூசல் பற்றிய பேச்சுகள் போன்றவற்றை இலக்கணச் சிறப்பு கருதி அச்சிட்டால் பேசியவருக்குத் தீங்கு நேரலாம்.

மாறாக, பெயரை மறைப்பதும் எப்போதும் நன்மையன்று. எமனோ 1944 முதல் 1946 வரை வெளியிட்ட கோத்தர் மொழி உரைத்தொகுப்பின் பெரும்பகுதி, அச்சமூகத்தைச் சேர்ந்த சுல்லி என்பவர் சொன்ன கதைகளால் ஆனது. அவருடைய பெயர் பதிவாகியிருப்பதால்தான் அந்நூலுக்குப் பின்னால் இருந்த கோத்தரின் அறிவும் உழைப்பும் இன்று தெரிகின்றன. ஆகவே பேசியவரிடமே கேட்டுப் பெயரை வெளியிடுவதோ மறைப்பதோ நெறியாகும். பகுப்பாய்விலும் பங்கேற்ற தாய்மொழியாளரை நன்றியுரையோடு நிறுத்திவிடாமல் இணையாசிரியராகச் சேர்க்கும் வழக்கம் இப்போது பரவி வருகிறது.

மொழிக்கு எந்தப் பெயரைப் பயன்படுத்துவது என்பதும் இதனோடு தொடர்புடையது. ஒராவோன் என்று பிறரால் அழைக்கப்படும் மக்கள் தம் மொழியைக் குருக் என்கின்றனர். பேசுவோர் வழங்கும் பெயரை முதன்மையாகத் தந்து, பிற பெயர்களையும் பன்னாட்டுத் தரக்குறியீட்டின் மூன்றெழுத்துக் குறியையும் ஒருமுறை சுட்டினால், பின்வருவோர் அக்கட்டுரையைத் தேடிக் கண்டடைவது எளிது.

மதிப்பாய்வு முறை

கட்டுரை வந்ததும் பதிப்பாசிரியர் முதலில் அது இதழின் பொருளெல்லைக்குள் வருகிறதா என்று பார்ப்பார். வராதவை இந்நிலையிலேயே திருப்பப்படும். தேர்ந்தவை வழக்கமாக இரண்டு அல்லது மூன்று வல்லுநர்களுக்கு அனுப்பப்படுகின்றன. ஆய்வு குறைந்த மொழியாயின், ஒருவர் அம்மொழிக்குடும்பத்தை அறிந்தவராகவும் மற்றவர் கட்டுரையின் இலக்கணப் பொருளை அறிந்தவராகவும் இருப்பது வழக்கம். இருவர் கேள்விகளும் வேறுபடும். முன்னவர் தரவைப் பற்றிக் கேட்பார். பின்னவர் முடிவைப் பற்றிக் கேட்பார்.

பல இதழ்களில் ஆசிரியர் யார் என்பது மதிப்பாய்வாளருக்கும், மதிப்பாய்வாளர் யார் என்பது ஆசிரியருக்கும் தெரிவிக்கப்படுவதில்லை. ஆனால் ஒரு மொழியில் இருவரோ மூவரோ மட்டுமே பணியாற்றும்போது இந்த மறைப்பு பெயரளவில்தான் நிற்கும். மதிப்பாய்வாளர் போட்டியாளராகவோ பழைய ஆசிரியராகவோ இருக்கக்கூடும் என்பதால், நலன் முரண் உள்ளவர்களைப் பதிப்பாசிரியருக்கு முன்கூட்டியே தெரிவிக்கச் சில இதழ்கள் இடமளிக்கின்றன.

முடிவு நான்கு வகைப்படும்: ஏற்பு, சிறு திருத்தத்துடன் ஏற்பு, பெருந்திருத்தம், மறுப்பு. முதன்முறை அனுப்பும் கட்டுரை அப்படியே ஏற்கப்படுவது அரிது. இந்த நடைமுறைக்குப் பல மாதங்கள் ஆகும். சிலபோது ஓராண்டைக் கடக்கும். திருத்திய கட்டுரையுடன், ஒவ்வொரு குறிப்புக்கும் என்ன செய்யப்பட்டது என்று வரிசையாக விடை தரும் கடிதத்தையும் இணைக்க வேண்டும். ஒரு குறிப்பை ஏற்காவிட்டால் அதற்கான காரணத்தைத் தரவோடு சொல்லலாம்.

மறுக்கப்படும் கட்டுரைகளில் சில குறைகள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. மொழி அரியது என்பதையே கட்டுரையின் முதன்மை வாதமாக்குதல், முந்தைய ஆய்வுகளைக் குறிப்பிடாமை, விளக்கக்குறிகளை ஒரே சீராகப் பயன்படுத்தாமை, ஓரிரு பேசுவோரின் வழக்கை மொழி முழுமைக்கும் பொதுவாக்குதல், தனக்குப் பழகிய இலக்கண மரபின் சொற்களை அம்மொழியின் மேல் ஏற்றுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். தமிழில் எட்டு வேற்றுமை உள்ளது என்பதற்காக மற்றொரு திராவிட மொழியிலும் எட்டைத் தேடுவது கடைசிக் குறைக்கு எடுத்துக்காட்டு.

கட்டணமும் போலி இதழ்களும்

சில திறந்த அணுக்க இதழ்கள் ஆசிரியரிடம் கட்டணம் பெறுகின்றன; வேறு சில பல்கலைக்கழக ஆதரவில் கட்டணமின்றி இயங்குகின்றன. வெளியீட்டு நிறுவனத்தின் கொள்கையோடு முரண்பட்டு 2015இல் 'லிங்குவா' இதழின் பதிப்பாசிரியர் குழு விலகி, 'குளோசா' என்ற திறந்த அணுக்க இதழை நிறுவியது இத்துறையில் பேசப்பட்ட நிகழ்வு. ஆய்வு குறைந்த மொழிகளுக்குத் திறந்த அணுக்கம் கூடுதல் முக்கியத்துவம் உடையது. சந்தா கட்டும் நூலகம் இல்லாத ஊரில்தான் பெரும்பாலும் அம்மொழியைப் பேசுவோர் வாழ்கின்றனர்.

சில நாட்களில் வெளியிடுவதாக உறுதியளித்துப் பணம் கேட்கும் இதழ்கள் மதிப்பாய்வு செய்வதில்லை. பதிப்பாசிரியர் குழுவில் உள்ளோர் உண்மையில் அப்பொறுப்பில் உள்ளனரா, பழைய இதழ்களில் தரமான கட்டுரைகள் உள்ளனவா, அத்துறையினர் அவற்றை மேற்கோள் காட்டுகின்றனரா என்று பார்த்தால் இவற்றை அடையாளம் காணலாம். பெரிய மொழி பற்றிய பிழையான கட்டுரையை அம்மொழி அறிந்த பலர் திருத்திவிடுவர். சிறிய மொழி பற்றிய பிழையோ, திருத்த ஆளின்றி, ஒப்பீட்டு ஆய்வுகளிலும் தரவுத்தளங்களிலும் ஏறிப் பல ஆண்டுகள் நிலைத்துவிடும்.

வெளியீட்டுக்குப் பின்

மொழியியல் ஆய்விதழ்களின் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றின் கலைச்சொற்கள் துறைக்கு வெளியே இருப்போருக்கு விளங்குவதில்லை. ஆகவே கட்டுரையின் படியோடு, அதன் சாரத்தை வட்டார மொழியிலோ பேசுவோரின் மொழியிலோ எழுதிக் கொடுப்பது வழக்கமாகி வருகிறது. ஒலிப்பதிவுகள், கதைத்தொகுப்புகள், படங்களுடன் கூடிய சொற்பட்டியல்கள் ஆகியவை பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் நேரடியாகப் பயன்படுகின்றன. அச்சமூகத்திலிருந்து பின்னாளில் மொழியியல் பயில வரும் மாணவர் முந்தைய கட்டுரையைச் சோதிக்கவும், தவறு இருந்தால் திருத்தவும் அந்தப் பதிவுகளே அடிப்படையாகின்றன.